சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்

வளர்மதி வேலைக்குத் திரும்பிய மறுநாளே நாத்தனார் கமலம் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு பை கொய்யாப்பழம், வாயில் ஒரு மூட்டைப் பேச்சு. தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் காலைத் தடவிக்கொண்டே, சமையலறையில் நிற்கிறவளுக்குக் கேட்கும்படி பேசினாள்.

“வாயில்லாதவன ஒரு கூலிக்காரிகிட்ட வுட்டுட்டு பொம்ம தேய்க்கப் போயிட்டா. கேக்க ஆள் இல்லன்னு நெனப்பு. கொளஞ்சியப்பருக்குக் கண்ணு இருக்குது. நான் பிராது கட்டிடுவேன், பாத்துக்க.”

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவேன் என்றால் விருத்தாசலம் பக்கத்தில் யாரும் சிரித்துவிட்டுப் போக மாட்டார்கள். இன்னார் இன்ன அநியாயம் செய்தார் என்று எழுதிச் சாமி முன்னால் வைத்துக் கட்டிவிட்டு வருவார்கள்; மீதி விசாரணை சாமியுடையது. அதிலும் அந்தச் சாமியிடம் வேண்டிப் பிறந்தவர் என்பதால்தான் வளர்மதியின் கணவருக்குக் கொளஞ்சிநாதன் என்று பெயரே வைத்திருந்தார்கள். அவருக்காக அவருடைய அக்கா போய்ப் பிராது கட்டினால் சாமி யார் பக்கம் நிற்கும்? வளர்மதி சாம்பாரில் இரண்டாம் தடவை உப்புப் போட்டாள்.

கொளஞ்சிநாதன் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சேத்தியாத்தோப்பு வழித்தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. இஸ்திரி போட்ட சட்டை, பையில் சீப்பு, படிக்கட்டில் நின்றபடியே பத்துப் பேரிடம் பத்துப் பேச்சு. வீட்டிலும் சட்டையில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பால்காரர் மணி அடித்தால்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பார். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் விளங்கும். ஆனால் பேச்சு போனவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலேயே அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

சில மாதம் வளர்மதி கூடவே இருந்தாள். பிறகு முடியவில்லை. செராமிக் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் யூனிட்டில் கொலு பொம்மை ஆர்டர் குவிந்து கிடந்தது; இப்போது வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் சிவசங்கரியைப் பகலுக்கு வைத்துக்கொண்டாள். வீட்டில் வைத்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். வாய் கொஞ்சம் நீளம். மத்தியானம் கால் மணி நேரமாவது போனில் ஏதாவது பார்க்காமல் இருக்க மாட்டாள். ஆனால் கை சுத்தம், வேலையும் சுத்தம்.

கமலம் கொய்யாப்பழப் பையை வைத்துவிட்டுப் போன அந்த வாரத்திலேயே வளர்மதி பாலக்கரையில் மொபைல் கடை வைத்திருக்கும் இனியவனைக் கூட்டிவந்தாள். நரைத்த மீசையும் முழங்கால் வலியுமாக அவர் ஸ்டூல்மேல் ஏறி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் துளை போட்டார். கேமரா ஒரு கொய்யாப்பழ அளவுதான் இருந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். உள்ளே மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு.

துளை போடும்போது கொளஞ்சிநாதன் இடது கையால் மார்பில் பனியனைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். பிறகு ஹேங்கர் இருக்கும் பக்கமாகக் கையை நீட்டினார்.

“வேர்க்குதா? இருங்க,” என்று வளர்மதி ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

இனியவன் அவள் போனில் ஆப்பை ஏற்றினார். வைஃபை பாஸ்வேர்டைப் போட்டு, திரையில் வந்த கட்டம் கட்டமான படத்தைக் கேமரா முன் காட்டினார். கேமரா ஒரு சத்தம் கொடுத்தது. “சேந்துடுச்சு. பொட்டியோட வந்த பாஸ்வேர்ட மொதல்ல மாத்துங்க. இல்லன்னா எவன் வேணா உள்ள பூந்துடுவான்.”

“ஃபேக்டரிலேருந்து தெரியுமாண்ணே?”

“துபாய்லேருந்துகூடத் தெரியும். வைஃபைய அணைச்சுட்டு, டேட்டாவ போட்டுக்கிட்டுத் தெருமுனைக்குப் போங்க. அங்க தெரிஞ்சா எங்க நின்னாலும் தெரியும்.”

வளர்மதி தெருமுனைக்குப் போய் இஸ்திரி வண்டி ஓரமாக நின்று திறந்து பார்த்தாள். உள்ளங்கைக்குள் கட்டில் தெரிந்தது, கட்டிலில் அவர் தெரிந்தார். நேராகக் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மார்புக்குள் இத்தனை நாள் இருந்த கல் ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. திரும்பி வந்ததும் இனியவன் கேட்டார்.

“வேற யாருக்காச்சும் குடுக்கணுமா? ஆளுக்கு ஒரு அனுமதி அனுப்பிடலாம். அவங்கவங்க போன்ல பாத்துக்குவாங்க.”

“குடுங்க. எங்க நாத்தனா, கமலம் அண்ணி, சேத்தியாத்தோப்புல இருக்காங்க, அவங்களுக்கு மொதல்ல. கொழுந்தனாரு நெய்வேலில, அவருக்கு. அவங்க வூட்டுப் பசங்க நம்பரும் இருக்குது.”

“பாக்க மட்டுமா, பேசறதுக்குமா?”

“பேசறதுக்கும் சேத்துக் குடுங்க. அப்பதான் வாய மூடுவாங்க.”

இனியவன் சிரித்துக்கொண்டே அனுப்பினார். கல்யாண வீட்டு நேரலைக்கு லிங்க் அனுப்புகிற மாதிரி குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் வளர்மதி ஒரு வரி போட்டாள்: இனிமேல் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. கட்டிலில் கிடந்தவரை ஒருவரும் கேட்கவில்லை.

யூனிட்டில் வளர்மதிக்கு ஃபினிஷிங். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். கையெல்லாம் களிமண் கூழாக இருப்பதால் போனைத் தொட முடியாது. சாப்பாட்டு நேரத்தில் கை கழுவிவிட்டுத்தான் திறப்பாள். திறக்கும்போதெல்லாம் அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருப்பார். முதுகும் பின்னந்தலையும் தெரியும்.

“நல்லா தூங்குறாரு,” என்று பக்கத்தில் உட்காரும் பூவாயியிடம் காட்டுவாள்.

“குடுத்து வெச்ச மனுசன். எங்க வூட்டுது முழிச்சிக்கிட்டே இருந்து உசுர எடுக்குது,” என்பாள் பூவாயி.

கமலமும் போன் போட்டாள். குரலில் பழைய முறுக்கு இல்லை. “காலைலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன் வளரு. அசையாம தூங்குறான். வேலைக்காரி சும்மா இருந்தா போதும்.” வளர்மதிக்கு அந்தக் குரல் இனித்தது. வேலைக்கு வந்தது தப்பில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. ஒருநாள் மாலை கிளம்பும்போது சிவசங்கரி, “அக்கா, இடுப்புல சிவந்த மாதிரி இருக்குது, பாருங்க,” என்றபோதுகூட, “நல்லா தூங்குறாரே, பாயோட தடமா இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். பார்க்கவில்லை. அவளிடம்தான் கேமராப் படம் இருந்ததே.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆப்பைத் திறந்தாள். திரை இருட்டாக இருந்தது. கரண்ட் இல்லையோ என்று பார்த்தால் சத்தம் வந்தது: தண்ணீர் ஊற்றும் சத்தம், சிவசங்கரி ஏதோ முணுமுணுக்கும் சத்தம். கேமரா ஓடுகிறது; யாரோ அதை மூடியிருக்கிறார்கள்.

“சிவசங்கரி, கேமராவுக்கு என்ன ஆச்சு?” என்று பேசும் பொத்தானை அழுத்திக் கேட்டாள். பதில் இல்லை. போன் அடித்தாள், எடுக்கவில்லை.

பூவாயி எட்டிப் பார்த்தாள். “மூடி வெச்சிட்டு என்னா செய்யறாளோ. அடிக்கிறாளுவளாம் இந்தக் காலத்துல. போய்ப் பாருடி.”

வளர்மதி கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் சிவசங்கரியை நிற்க வைத்து விளாசிக்கொண்டே வந்தாள். உள்ளே நுழைந்தபோது கேமராமேல் ஒரு துண்டு தொங்கியது. தரையில் தண்ணீரும், உருண்டு கிடந்த எவர்சில்வர் டம்ளரும். சிவசங்கரி அவருக்கு வேட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“யாரக் கேட்டு மூடுன?”

“யாரயும் கேக்கல. இனிமேலும் மூடுவேன்.”

“நான் அங்க கெடந்து தவிக்கிறேன். போன எடுக்க முடியாதா உனக்கு?”

“ரெண்டு கையிலயும் அவரப் புடிச்சிக்கிட்டு எந்தக் கையால எடுக்கறது? கத்தாதீங்கக்கா. இன்னைக்கு அவருக்கு ஒடம்பு தொடைக்கலாம்னு வேட்டிய அவுத்தேன். அந்தச் செவுத்துலேருந்து உங்க நாத்தனா பேசறாங்க, மெதுவா தொடைம்மான்னு. அது தெனமும் நடக்கறதுதான். இன்னைக்கு அவங்க பின்னாடி இன்னொரு பொம்பள கொரலு. ஐயோ பாவம், எப்படி இருந்த மனுசன்னு. பக்கத்து வூட்டு ஆளுவளக் கூப்புட்டுக் காட்டறாங்கக்கா.”

வளர்மதி டம்ளரைப் பார்த்தாள்.

“அவரு எறிஞ்சாரு. கேமராவப் பாத்து. எட்டல,” என்றாள் சிவசங்கரி.

வளர்மதி கட்டிலைப் பார்த்தாள். கொளஞ்சிநாதன் இடது கையால் ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்து, உடம்பை இழுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். செயலற்ற வலது பக்கத்தின்மேல் முழுப் பாரமும் இறங்கியது. கண்கள் திறந்தே இருந்தன. கேமராவில் அவள் பார்த்த அதே முதுகு, அதே பின்னந்தலை.

“இவரு தூங்கறதில்லையா?”

“எங்க தூங்குறாரு? அது வந்த நாள்லேருந்து இப்படித்தான். நான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மல்லாக்கத் திருப்பி வுடுவேன். ஒடனே செவுத்துலேருந்து சத்தம் வரும். இந்தா பொண்ணு, ஏன் அவனப் பொரட்டிக்கிட்டே இருக்க, தூங்கறவன எழுப்பாத, அப்புறம் வளருகிட்ட சொல்லி உன்ன நிறுத்திடுவேன்னு. திருப்பறத வுட்டுட்டேன்.”

“எங்கிட்ட சொல்லக்கூடாதா?”

“நீங்க சொல்லித்தான் அவங்க பேசறாங்கன்னு நெனச்சேன். நீங்கதான வாய் குடுத்தீங்க அவங்களுக்கு?”

வளர்மதி குனிந்து டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

சிவசங்கரி குரலைத் தணித்தாள். “திருப்பறத வுட்டது என் தப்புதான். வேலை போயிடும்னு பயந்துட்டேன். வாங்க, பாருங்க.” அவரிடம் குனிந்து, “ஐயா, அக்காவுக்குக் காட்டறேன்,” என்று சொல்லிவிட்டு, அவரை மெல்ல இந்தப் பக்கம் திருப்பி வேட்டியை இடுப்பளவு விலக்கினாள்.

வலது இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில் தோல் உரிந்திருந்தது. சுற்றிலும் கருஞ்சிவப்பு. படுக்கைப் புண் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் வெளுக்காது. அந்தச் சமயத்தில் பாரத்தை எடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம். அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி குறைவு, அதனால் வலித்துக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சிவந்த அன்றே சிவசங்கரி சொன்னாள். அன்று வளர்மதி பாத்திரம் தேய்த்தாள்.

அவள் கையில் காய்ந்திருந்த களிமண் வெடித்து உதிர்ந்தது. போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். ஹேங்கரில் அவருடைய நீலச் சட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. துளை போட்ட அன்று அவர் பனியனைப் பிடித்து இழுத்தது வியர்வைக்காக இல்லை. ஊர் பார்க்கப் போகிறது, சட்டையைக் கொடு என்று கேட்டிருக்கிறார். அவள் ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

சாயந்திரமே பெரியாஸ்பத்திரி நர்ஸ் ஒருவரைக் கூட்டிவந்து புண்ணுக்குக் கட்டுப் போட வைத்தாள். பவுடர் கிவுடர் போடக் கூடாது, தேய்க்கக் கூடாது, அந்தப் பக்கம் படுக்கவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வளர்மதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். அனுமதி கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் அதில் இருந்தன. திரையை அவருக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டாள்.

“இந்தா பாருங்க. இது நெய்வேலித் தம்பி. எடுத்துட்டேன். இது பசங்க. எடுத்துட்டேன். இது அண்ணி.” கமலத்தின் பெயரில் விரல் ஒரு கணம் நின்றது. எடுத்தாள். “இப்ப நான் மட்டுந்தான். நான் பாக்கலாமா?”

அவர் திரையைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை இரண்டு தடவை அசைத்தார். வேண்டாம்.

“நான் உங்க பொண்டாட்டிங்க.”

கை மறுபடி அசைந்தது.

வளர்மதி எழுந்து போய்க் கேமராவின் ஒயரைப் பிடுங்கினாள். அழவில்லை. அழுதால் அவர் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். அதற்கும் அவரிடம் ஒரு கைதான் இருந்தது. ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவள் அதை மாட்டவில்லை. தன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மாட்டினாள். தன்மேல் பிராது வராமல் இருக்க அவரைக் கொண்டுபோய் ஊர் முன்னால் படுக்க வைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காலை டிபனுக்கு முன்பே கமலம் வந்து இறங்கினாள். செருப்பை உதறின வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

“என்னா மறைக்கிற? நேத்துலேருந்து ஒன்னுமே தெரியல. என் தம்பி உசுரோட இருக்கானா இல்லையான்னு ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்ல.”

“இருக்காரு. ஒக்காருங்க அண்ணி.”

“ஒக்கார வரல. ஏன் என்னய எடுத்த?”

“எல்லாரயும் எடுத்துட்டேன். என்னயும் எடுத்துட்டேன்.”

“பாக்கக்கூடாத வேல என்னா நடக்குது இந்த வூட்ல?”

அடுப்படியிலிருந்து சிவசங்கரி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள் வளர்மதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அண்ணி, அவர பொரட்டாதன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். தூங்கறவன எழுப்பினா சொல்ல மாட்டாங்களா?”

“அவரு தூங்கல. நம்ம பாக்கறோம்னு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. திருப்பாம வுட்டதுல இடுப்புல புண்ணு வந்துடுச்சு. ஒங்களுக்குப் பேச வழி வெச்சுக் குடுத்தவ நானு. தப்பு என்னுது.”

கமலம் கட்டிலைப் பார்த்தாள். பிறகு முகம் இறுகியது. “புண்ணா? நான் சொன்னதால புண்ணு வந்துச்சா? நீ வேலைக்குப் போன பழிய எந்தலையில கட்டுறியா? எங்க, காட்டு. புண்ணக் காட்டு பாப்போம்.”

வளர்மதியின் கை தானாகப் போர்வைக்குப் போயிற்று. ஒரே இழுப்பு. அதற்கு மேல் கமலம் வாய் திறக்க முடியாது. சேத்தியாத்தோப்பு வரைக்கும் தலை குனிந்துதான் போவாள். எத்தனை வருஷப் பேச்சுக்குப் பதில் அந்தப் போர்வைக்குள் இருந்தது.

போர்வை வரவில்லை. உள்ளிருந்து கொளஞ்சிநாதன் இடது கையால் அதைப் பிடித்திருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவர் அக்காவைப் பார்க்கவில்லை. வளர்மதியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“காட்ட மாட்டேன் அண்ணி.”

“ஏன்?”

“அவரு வேணாங்கறாரு.”

“நான் அவன இடுப்புல தூக்கி வளத்தவடி. என்கிட்ட என்னா வெக்கம் அவனுக்கு?”

“பக்கத்து வூட்டுக்காரி உங்களாட்டம் தூக்கி வளத்தாங்களா?”

 “அவ… அவ நலம் விசாரிக்கத்தான் வந்தா,” என்று ஆரம்பித்த கமலம் முடிக்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தாள் என்று தன் வாயால் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டதைக் கண்டாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“பிராது கட்டணும்னா போய்க் கட்டுங்க. எம்பேருதான் முன்னால வரணும், எழுதுங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்,” என்றாள் வளர்மதி. குத்தலாகச் சொல்லவில்லை.

கமலம் வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. சிவசங்கரி அவளுக்கு ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

வளர்மதி வாசல் கதவைச் சாத்தினாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். ஹேங்கரிலிருந்து நீலச் சட்டையை எடுத்தாள். முதலில் விழுந்த கையை நுழைத்து, பிறகு நல்ல கையை நுழைத்து மாட்ட வேண்டும் என்று சிவசங்கரி சொல்லிக் கொடுத்திருந்தாள். முதுகுக்குக் கீழே சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டு, கழுத்துப் பட்டன்வரை போட்டாள். அவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. மாட்டி முடித்ததும் இடது கை மறுபடி போர்வையைப் பிடித்துக்கொண்டது.

கட்டு மாற்றும் நேரம் ஆகியிருந்தது. பஞ்சையும் தண்ணீரையும் எடுத்து வைத்துக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள். அவர் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைகளை எத்தனையோ மாதமாக அவள் அவரைக் கேட்காமலே செய்திருந்தாள்.

“புண்ணுக்குக் கட்டு மாத்தணும். நான் செய்யட்டுமா, சிவசங்கரிய வரச் சொல்லவா?”

அவர் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். வளர்மதி நின்றாள். அவசரப்படுத்தவில்லை. சிவசங்கரி என்று அவர் கை காட்டினால் போய்க் கூப்பிடுவது என்று மனசைத் தயார் செய்துகொண்டாள்.

கை அடுப்படிப் பக்கம் நீளவில்லை; போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பவில்லை.